மரண விசாரணையும் எமது மௌனமும்

எமது ஊர்களிற் சாவீடொன்றில், அதிலும் அகாலச் சாவு நிகழ்ந்த வீடொன்றில், ஒரு மணிநேரமாவது இருந்து எழுந்தவர் எவரும் "வெட்டாமல் எடுத்தாச்சு" என்ற சொற்களைக் கேளாது திரும்பியிருக்கமாட்டார். அச்சொற்களைக் கூறுபவரின் குரலில் ஓர் ஆறுதல் தொனிக்கும். பிரேதப் பரிசோதனை எதுவுமின்றிச் சடலத்தைப் பெற்றுக்கொண்டுவிட்டோம் என்பதே அதன் பொருள். அதனைச் சாத்தியமாக்கிய திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு, "நல்ல மனுசன், ரெண்டு கேள்வியோட விட்டிட்டார்" என்னும் பாராட்டும் உடன் கிடைத்துவிடும். அவர் காலமானபின் வெளியிடப்படும் நினைவு மலரிலும் இக்கருணையுள்ளமே அவருடைய முதற் குணமாகப் பதிவுபெறும். அந்தக் கருணைக்கு எதிராகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

பிறரைக் கண்டிக்குமுன் எனது பங்கினைக் கூறிவிடல் வேண்டும். பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் எமது அயலில் இளம் மனைவி ஒருத்தி தீக்காயங்களினால் இறந்தாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண்குழந்தை இருந்தது. அடுப்பில் எண்ணெய் சிந்தித் தீப்பற்றியது என்றார் கணவனின் தாயார். அயலவர் சிலர் வேறு விதமாகவும் முணுமுணுத்தனர். எனினும் முணுமுணுப்பதற்கு மேல் ஒருவரும் செல்லவில்லை. விசாரணை அதிகாரி வந்தார். ஓய்வுபெற்றவர், வெள்ளை வேட்டி, கையில் ஒரு கோவை. விறாந்தையிற் கதிரை போட்டு இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்தோம். பெண்ணின் தகப்பனார் மூலையிற் சுருண்டு கிடந்தார். ஊர் இளைஞர் நால்வர் அதிகாரியைச் சூழ்ந்துநின்று, "ஐயா, வெட்டாமல் தாருங்கோ, தகப்பன் தாங்கமாட்டார்" என்று மன்றாடினோம். அந்நால்வரில் நானும் ஒருவன். அவர் எம்மை ஒருமுறை பார்த்தார், மாமியாரிடம் இரண்டு கேள்விகளும் கணவனிடம் ஒரு கேள்வியும் கேட்டார், ஒப்பமிட்டார். மாலை ஐந்து மணிக்குமுன் சிதை மூட்டியாயிற்று. பெருந்தொண்டு ஒன்றைப் புரிந்துவிட்ட நிறைவோடு அன்றிரவு நான் உறங்கினேன்.

பின்னர், சட்ட மருத்துவ நூலொன்றைத் தற்செயலாகப் புரட்டியபோதுதான் அன்று நான் செய்தது இன்னதென விளங்கியது. தீயில் அகப்பட்டவர் உயிருடன் இருந்து மூச்சிழுத்திருந்தால், அவருடைய மூச்சுக்குழாயினுட் புகைக்கரி படிந்திருக்கும். இரத்தத்திற் காபனோரொட்சைட்டு ஏறியிருக்கும். தீ மூளுமுன்னரே உயிர் பிரிந்திருந்தால் இவை இரண்டும் காணப்படமாட்டா. வெளித்தோலை எவ்வளவு நேரம் உற்றுநோக்கினாலும் இதனை அறிதல் இயலாது. உடலைத் திறந்தே பார்த்தல் வேண்டும். ஆகவே, அப்பெண் தீயினால் இறந்தாளா அல்லது இறந்தபின் தீயிலிடப்பட்டாளா என்ற வினாவுக்கு விடை அவளுடைய தொண்டைக்குள்ளே இருந்தது. அதனைச் சாம்பலாக்குவதற்கு உதவியவர்களுள் நானும் ஒருவன். மாமியார் கூறியது முழு உண்மையாகவும் இருந்திருக்கலாம். அவ்வாறாயின் அந்த முதியவளுக்கும் நாம் அநீதியே இழைத்தோம். ஊரின் முணுமுணுப்பிலிருந்து அவளை விடுவிக்கக்கூடிய ஒரே சான்றையும் நாமே எரித்துவிட்டோம்.

மரண விசாரணை அதிகாரியின் பணி யாது? இலங்கையில் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இதனைத் தெளிவாகவே கூறுகின்றது. ஒருவர் தற்கொலை செய்துகொண்டார் என்றோ, விலங்கினால், இயந்திரத்தினால் அல்லது விபத்தினால் உயிரிழந்தார் என்றோ, திடீரென அல்லது அறியப்படாத காரணத்தால் இறந்தார் என்றோ தகவல் கிடைத்ததும், சடலம் கிடக்கும் இடத்திற்கு அவர் உடனே செல்லுதல் வேண்டும் என்கின்றது அதன் 370ஆம் பிரிவு. அங்கே விசாரணை நடத்தி, உடலிற் காணப்படும் காயம், முறிவு, கன்றல் முதலிய அடையாளங்களையும், மரணத்தோடு தொடர்புடையன எனத் தாம் கருதும் பொருள்களையும் சூழ்நிலைகளையும் விவரித்து, வெளிப்படையாகத் தெரியும் காரணத்தை எழுதி, நீதவானுக்கு அனுப்புதல் அவர் கடமை. வேண்டுமெனக் கண்டால் அரசாங்க வைத்திய அதிகாரியைக் கொண்டு பிரேதப் பரிசோதனை நடத்துவிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. பொலிசாரின் காவலிலோ சிறையிலோ நிகழும் மரணங்களை இவரிடம் விடாது, நீதவானே சடலத்தைப் பார்வையிட்டு விசாரித்தல் வேண்டும் என 371ஆம் பிரிவு விதிக்கின்றது.

இவ்விசாரணையில் எதிரி இல்லை, குற்றப்பத்திரமும் இல்லை, தண்டனையும் இல்லை. இறந்தவர் யார், எங்கே, எப்போது, எவ்வாறு இறந்தார் என்பதே கேட்கப்படுகின்றது. ஆயினும் மற்றெல்லா நீதியும் இவ்வினாவின் மீதே எழுகின்றது. இயற்கை மரணம் என்று ஒருவர் எழுதிவிட்ட கணத்தில், பொலிசாருக்கு வேலை இல்லை, சட்டத்தரணிக்கு வழக்கு இல்லை, நீதிபதிக்குத் தீர்ப்பு இல்லை. ஒரு மேல் நீதிமன்ற நீதிபதியின் பிழையைத் திருத்த மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கின்றது. ஊர் விறாந்தையில் எழுதப்படும் பிழைக்கு மேன்முறையீடு கேட்பது பெரும்பாலும் சுடலையிடம் கேட்பதாகவே முடியும். ஐயமுள்ள சாவுகளில் உடலை எரிக்காது புதைக்குமாறு நீதவான்மார் கட்டளையிடுவதன் காரணமும் இதுவே. அதனையும் எமது சைவ ஆசாரத்தின் மீதான தாக்குதலாகக் கருதிக் கொதிப்போர் உளர்.

இத்தகைய பணியை ஆற்றுவோர் யார்? அவர்கள் சட்டமோ மருத்துவமோ கற்றிருத்தல் வேண்டும் என்று சட்டக்கோவை கோரவில்லை. முழுநேர உத்தியோகமாகவும் இது அமையவில்லை. ஓய்வுபெற்ற அதிபர், கிராம சேவையாளராக இருந்தவர், சமாதான நீதவான் பட்டம் பெற்ற வணிகர் போன்றோரே பெரும்பாலும் இப்பொறுப்பை ஏற்கின்றனர். நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கும். கிணற்றிலிருந்து தூக்கப்பட்ட சடலம், புகையிரதப் பாதையிற் சிதறிக் கிடக்கும் சடலம், யானை மிதித்த விவசாயி, வயலிற் பாம்பு தீண்டிய பெண், தேயிலை மலையிற் குளவி கொட்டி மாண்ட தொழிலாளி, வாகனம் மோதிய மாணவன்: எதுவாயினும் போயே ஆகவேண்டும். மழையில் நின்று குறிப்பெடுக்க வேண்டும். மூன்று நாட் கிடந்த உடலின் நாற்றத்தைச் சகித்துக்கொண்டு, இரத்தம் எப்பக்கம் தேங்கி நிறம் மாறியிருக்கின்றது, கிடந்த நிலைக்கும் அந்நிறத்துக்கும் பொருத்தம் உண்டா என நோக்க வேண்டும். கதறும் தாயிடம் "கடைசியாக எப்போது கண்டீர்கள்?" என்று கேட்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் கிடைக்கும் கொடுப்பனவு, உழைப்புக்கேற்ற ஊதியம் எனச் சொல்லத் தக்கதன்று. இப்பணியை நேர்மையோடு ஆற்றிய பலரை நான் அறிவேன். எனது கண்டனம் அவர்களை நோக்கியதன்று. கேள்வி கேட்பதற்கான பயிற்சியை ஒருவருக்கு வழங்காமல், கேளாது விடுவதற்கான நன்றியை மட்டும் அள்ளி வழங்கும் ஒழுங்குமுறையையே நான் கண்டிக்கின்றேன். அவ்வொழுங்குமுறையின் ஒரு பாதி அரசு, மறுபாதி நாம்.

இந்நிறுவனத்தின் பிறப்பே சற்று விசித்திரமானது. இங்கிலாந்தில் 1194ஆம் ஆண்டளவில் இப்பதவி ஏற்படுத்தப்பட்டபோது அதன் நோக்கம் இறந்தவருக்கு நீதி வழங்குவதாக இருக்கவில்லை. முடிக்குரிய வருமானத்தைக் காப்பதற்காகவே அவ்வதிகாரி நியமனம் பெற்றார். கொலையாளியின் உடைமை அரசனுக்கு, புதையல் அரசனுக்கு, மனிதனை மிதித்துக் கொன்ற குதிரையும் நசுக்கிய வண்டிச்சில்லும்கூட அவற்றின் பெறுமதியளவில் அரசனுக்கு. இவ்விறுதி வழக்கம் 1846இலேயே, புகையிரத விபத்துகள் பெருகித் தண்டம் கம்பனிகளின் தலையில் விழத்தொடங்கியபின், ஒழிக்கப்பட்டது. (மூலதனம் தன்னைக் காத்துக்கொள்ளும் விரைவினை இங்கே கவனிக்கலாம்.) ஆயினும் அரசனுடைய பணப்பைக்காகத் தோன்றிய அக்கேள்வி, நூற்றாண்டுகள் செல்லச் செல்ல மக்களுடைய கேள்வியாக மாறிற்று. பல நாடுகள் அதற்கேற்பப் பதவியையும் மாற்றின. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலம் 1877இலேயே பழைய பதவியை ஒழித்து மருத்துவர்களை அவ்விடத்தில் அமர்த்தியது. கனடாவின் ஒன்ராறியோவில் மருத்துவர்களே இப்பணியைச் செய்கின்றனர். இங்கிலாந்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம், சட்டத்துறைத் தகைமை இல்லாதோரைப் புதிதாக நியமிக்க இடமளிக்கவில்லை. எமக்கு இப்பதவியைத் தந்துசென்ற நாடே அதனைத் திருத்திக்கொண்டுவிட, நாம் பழைய சட்டையைக் கழற்ற மறுத்து நிற்கின்றோம்.

எமது நாட்டில் அறிவு இல்லாமையே இதற்குக் காரணம் என்று எவரும் கூறவேண்டா. 1951 ஒக்டோபரில் கொழும்பிற் கிரிக்கெற் வீரர் சதாசிவத்தின் மனைவி கொலையுண்டார். அவ்வழக்கில் அவர் எந்நேரத்தில் இறந்தார் என்பதே முழு விவாதத்தின் அச்சாணியாயிற்று. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் ஒருபுறம். எடின்பரோவிலிருந்து எதிரிதரப்பால் அழைக்கப்பட்ட சேர் சிட்னி ஸ்மித் மறுபுறம். உடல் வெப்பநிலை எவ்வேகத்திற் குறைகின்றது, உண்ட உணவு எந்நிலையில் உள்ளது என்பவற்றை இருவரும் நிறுத்துப் பார்த்தனர். 1953இற் சதாசிவம் விடுதலையானார். பின்னர் டி சேரமும் அவருடன் உழைத்த கதிர்காமத்தம்பி முதலியோரும், எமது வெப்பநாட்டில் இறந்த உடல் குளிரும் முறையை ஆராய்ந்து 1955இல் வெளியிட்ட கட்டுரை வெளிநாட்டு அறிஞர்களாலும் எடுத்தாளப்பட்டது. இந்த அளவுக்கு நுணுக்கமான அறிவு இம்மண்ணிலேயே விளைந்தது. ஆனால் அது கொழும்பின் பெரிய வீட்டுச் சாவுக்குக் கிடைத்தது. வன்னிக் கமக்காரனின் சாவுக்கும் தோட்டத்து லயத்திற் சாகும் பெண்ணின் சாவுக்கும் கிடைப்பது இரண்டு வரி. வாழ்விலுள்ள வர்க்கபேதம் சாவோடு முடிந்துவிடுவதாகக் கூறும் வேதாந்திகள் ஒருமுறை மரண விசாரணைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பார்களாக.

எமது தரப்பின் மறுப்புகளுக்கு வருவோம். அவற்றுள் முதலாவது சமயம் சார்ந்தது. உடலைச் சிதைத்தல் பாவம் என்பர். சைவ சித்தாந்தம் உடலை உயிரின் கருவியாக நோக்குவது. உயிர் நீங்கிய கருவியைத் தீயிலிடத் துணியும் நாம் கத்தியை மட்டும் கண்டு ஏன் அஞ்சுகின்றோம் என்பது எனக்கு விளங்கவில்லை. இஸ்லாமியச் சகோதரர்களின் நிலை வேறு. விரைந்து அடக்கஞ் செய்தலும் உடலின் கண்ணியமும் அவர்களுக்குச் சமயக் கடமைகள். 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட் நோயின் பெயரால் அவர்களுடைய சடலங்கள் பலவந்தமாக எரிக்கப்பட்ட கொடுமையைக் கண்டபின், அரசு உடலைத் தொட வரும்போதெல்லாம் அவர்கள் ஐயுறுவதைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. இவ்விடர்ப்பாட்டுக்குப் பிற நாடுகள் வழி கண்டுள்ளன. உடலைத் திறவாமலே கணினிக் கதிர்ப்படத்தின் மூலம் காரணத்தைத் தேடும் முறை இங்கிலாந்திலும் மலேசியாவிலும் நடைமுறையில் உள்ளது. எல்லாச் சாவுகளுக்கும் அது விடை தராது, பலவற்றுக்குத் தரும். எனவே சமய உணர்வை மதிப்போர் கேட்கவேண்டியது அத்தகைய கருவிகளையும், இரவிலும் விடுமுறை நாளிலும் இயங்கும் சவச்சாலைகளையுமே. விசாரணையைக் கைவிடுமாறு கேட்பது சமயத்தின் பெயராற் சோம்பலைக் காப்பதாகும்.

இரண்டாவது மறுப்பு மானம் பற்றியது, இதுவே வலியது. பெண்ணின் பெயர் கெடும், குடும்பத்தில் மற்றப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வராது, ஊர் வாய் மூடாது. ஆகவே தற்கொலை ஒன்று நிகழ்ந்தால் "வயிற்றுவலி தாங்காமல்" என்ற காரணம் ஆயத்தமாகவே வைத்திருக்கப்படும். எமது பத்திரிகைகளின் மரண விசாரணைச் செய்திகளை நம்புவதாயின், இந்நாட்டு மக்களைக் காலங்காலமாகக் கொன்றுவந்த கொடிய நோய் வயிற்றுவலியே எனக் கொள்ள நேரும். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. எமது நாவில் மட்டும் அது இன்னும் குற்றமாகவே இருக்கின்றது.

உண்மையைப் பதிவதால் இறந்தவருக்கு என்ன பயன் என்று வினவுவோருக்கு ஒரு வரலாற்றைச் சொல்லலாம். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறக்குறைய 47 ஆக இருந்தது. உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அச்சாவுகளுட் பெரும்பங்கு பூச்சிகொல்லி அருந்தியதால் நிகழ்ந்தவை என்பதைப் பதிவுகள் காட்டின. எந்த நஞ்சு மிகுதியாகக் கொல்கின்றது என்பதை வைத்தியசாலைக் கணக்குகள் காட்டின. அவற்றின் துணைகொண்டு 1984இற் பரதியோன் தடைசெய்யப்பட்டது. 1995இல் மிக நச்சுத்தன்மையுடைய வகை முழுவதும், 1998இல் எண்டோசல்பானும், 2008ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாகப் பரகுவாட் முதலிய மூன்றும் விலக்கப்பட்டன. 1995இலிருந்து 2015 வரையிலான இருபது ஆண்டுகளில் வீதம் ஏறத்தாழ எழுபது சதவீதம் வீழ்ந்தது. இத்தடைகள் அக்காலத்தில் 93,000 உயிர்களைக் காத்திருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இதில் வியக்கத்தக்கது யாதெனில், அம்மனிதர்களின் துயரங்கள் நீங்கியதால் இது நிகழவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சு மாறியதால் நிகழ்ந்தது. பொலிசாரின் தற்கொலைக் கணக்கு மரண விசாரணைகளின் முடிவுகளிலிருந்தே திரட்டப்படுவது. "நஞ்சருந்தி" என்று அஞ்சாமல் எழுதிய ஒவ்வோர் ஊர் அதிகாரியும், தமது கைக்கு அப்பால் எங்கோ ஒரு பிள்ளையைக் காப்பாற்றினார். "மாரடைப்பு" என்று கருணையோடு எழுதியவர் அக்கணக்கில் ஒரு துளையிட்டார்.

இனி நாணயத்தின் மறுபக்கம். கேள்வி வேண்டாம் என்று கூறுவோர் நாம் மட்டுமல்லர். 1983 ஏப்ரலில் யாழ்ப்பாணம் குருநகர் இராணுவ முகாமிற் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஒருவர் இறந்தார். நீதவான் முன் மரண விசாரணை நடந்தது. சட்ட வைத்தியரின் சாட்சியம் உடலிலிருந்த பல காயங்களை எடுத்துரைத்தது. மே மாத இறுதியில் அது மனிதக்கொலை எனத் தீர்ப்பாயிற்று. ஒரு வாரம் கழிவதற்குள், ஜூன் மாதத் தொடக்கத்தில், 15அ என்னும் அவசரகால ஒழுங்குவிதி பிறந்தது. பாதுகாப்பு அமைச்சின் செயலாளருடைய அங்கீகாரத்தோடு, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்து அதிகாரியோ அதிகாரமளிக்கப்பட்ட பிறரோ எச்சடலத்தையும் கைப்பற்றிப் புதைக்கவோ எரிக்கவோ அது இடமளித்தது. மரண விசாரணை பற்றிய வழமையான சட்டங்கள் தடையாக நில்லா. ஓர் அரசு எக்கேள்விக்கு மிகவும் அஞ்சுகின்றது என்பதை இதைவிடத் தெளிவாக அதுவே எழுதித்தர முடியாது.

அடுத்த மாதமே வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25ஆம், 27ஆம் நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அங்கு மரண விசாரணை நடந்தது. மனிதக்கொலை என்ற முடிவும் எழுதப்பட்டது. ஒருவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. கேள்வி கேட்கப்பட்டாலும் விடைக்குப் பின்னால் அரசின் விருப்பம் இல்லையெனில் அது ஏட்டுச் சுரைக்காயே என்பதற்கு இது சான்று. இதனை ஒப்புக்கொள்கின்றேன். ஆயினும் அந்த ஏடு இருப்பதனாலேயே, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எவராலும் அங்கு நடந்ததைச் சிறைக் கலவரத்தில் நேர்ந்த விபத்து எனச் சொல்லித் தப்ப இயலவில்லை. 1987க்கும் 1989க்கும் இடையிற் தெற்கில் வீதியோரங்களிற் டயர்களோடு எரிந்த சிங்கள இளைஞர்களுக்கு அந்த ஏடும் வாய்க்கவில்லை. அவர்களுட் பல்கலைக்கழக மாணவர் பலர் இருந்தனர் என்பதைப் பல்கலைக்கழக இதழொன்றிற் குறிப்பிடாமற் செல்லுதல் முறையாகாது.

போர் 2009இல் முடிந்தபின் அரசு வேறொரு வழி கண்டது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போனோரை இறந்தோராகப் பதிவதற்கு வழிசெய்தது. உடல் இல்லை, பார்த்தவர் இல்லை, எவ்வாறு என்ற வினாவும் இல்லை, அத்தாட்சிப் பத்திரம் மட்டும் உண்டு. பலர் அதனை மறுத்தனர். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிற் தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தின் உட்பொருள் இதுவே. நட்டஈட்டையும் பத்திரத்தையும் விட்டுவிட்டுத் தெருவோரக் கொட்டகையில் இருந்த அத்தாய்மாருட் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூடக் கண்டவர்களல்லர். மரண விசாரணை என்றால் என்னவென்பதை எம்மிற் பலரைவிட அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். செம்மணியும் அவ்வாறே. 1998இல், மரணதண்டனை விதிக்கப்பட்ட இராணுவத்தினன் ஒருவன் நீதிமன்றில் வெளியிட்ட கூற்றைத் தொடர்ந்து, 1999இற் பதினைந்து எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன, பின்னர் நெடுமௌனம். 2025இல் அதே செம்மணிப் பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் எரிமேடை அமைக்க மண்ணை வெட்டியபோது எலும்புகள் மீண்டும் வெளிவந்தன. நீதவானின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் காணப்பட்டன. அவற்றுள் ஒரு பிள்ளையின் எலும்புகளோடு நீலநிறப் புத்தகப் பையொன்றும் கிடைத்தது. எலும்பைத் தூரிகையாற் துடைத்து, அடையாளமிட்டு, வயதும் பாலும் கண்டு, காயத்தின் தடத்தைத் தேடும் அப்பொறுமையான வேலை, விறாந்தையில் இரண்டு கேள்வியோடு முடிக்கப்படும் அதே வேலையின் முழுவடிவமே.

அரச படுகொலையையும் ஒரு குடும்பத்தின் துயரத்தையும் ஒரே தட்டில் வைப்பதா என நண்பர் சிலர் சினக்கக்கூடும். இரண்டும் ஒன்றென நான் கூறவில்லை. அதிகாரம் தன் குற்றத்தை மறைக்கின்றது. குடும்பம் தன் வேதனையை மறைக்கின்றது. நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. ஆனால் செம்மணியில் நின்று "எவ்வாறு இறந்தனர்?" என்று பதாகை பிடிக்கும் நாம், மறுநாள் அயல்வீட்டில் எரிந்துபோன மருமகளுக்காக அதே கேள்வியைக் கேட்க வந்த அதிகாரிக்குச் சோடா உடைத்துக் கொடுத்து அனுப்பிவிடுகின்றோம். கேளாதிருக்கும் பழக்கத்தை வீட்டிற் பயின்ற சமூகம், கேட்கும் திறனை வெளியில் எங்கிருந்து பெறும்? காவலில் இருந்த இளைஞனின் உடலைப் பெற்றோர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டு எரித்துவிட வேண்டும் என்றே அதிகாரம் எதிர்பார்க்கின்றது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிசார் கைதுசெய்த இளைஞன் இறந்தபோது உறவினர் அவ்வாறு செய்யவில்லை. உடல் பரிசோதிக்கப்பட்டது, காயங்கள் பேசின, பொலிஸ் உத்தியோகத்தர் சிலர் கைதாகினர். அவ்வுடலை வெட்டாமற் பெற்றுத்தர ஒரு "நல்ல மனுசன்" அன்று முயன்றிருந்தால் என்னவாகியிருக்கும்?

பட்டதாரிகள் வேலை கோரிக் கச்சேரி வாயிலில் நின்ற ஆண்டுகளை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவரேனும் மரண விசாரணை அதிகாரியாக விரும்புவதாகக் கூறி நான் கேட்டதில்லை. பிணத்தோடு பழகும் தொழில் தாழ்ந்தது என்ற எண்ணம் எமது சாதியமைப்பின் எச்சம். அதனை நாகரிகமான அருவருப்பாக வேடமிட்டு வைத்திருக்கின்றோம். யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் 1978இலிருந்து இயங்குகின்றது, சட்டமும் கற்பிக்கப்படுகின்றது. இவ்விரு துறையினரும் இணைந்து, ஓராண்டுப் பயிற்சிநெறி ஒன்றையாவது தமிழில் நடத்தலாகாதா? காயங்களை விவரிப்பதற்கான கலைச்சொற்களைத் திருத்தமாக அமைத்து, அதிகாரிகளின் கையில் ஒரு சிறு கைந்நூலாகக் கொடுக்கலாகாதா? கீறலுக்கும் கிழிவுக்கும் வெட்டுக்கும் வேறுபாடின்றி எல்லாவற்றையும் "காயம்" என்று எழுதும் அறிக்கையை எந்த நீதவான் எவ்வாறு பயன்படுத்துவார்? பதவியை முழுநேரமாக்கித் தகைமையும் ஊதியமும் விதித்தல் நீதி அமைச்சின் வேலை. அதனைக் கோருதல் எமது வேலை. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் பட்டிமன்றத்திற் கம்பனின் பாத்திரங்களை விசாரணை செய்கின்றன. ஓராண்டு அதனை நிறுத்தி, எமது மாவட்டத்துப் பத்தாண்டு மரண விசாரணைப் பதிவுகளை ஆராய நான்கு மாணவரை அனுப்பினால் இலக்கியத்துக்கு இழுக்கு வந்துவிடாது.

அன்று மூன்று வயதாயிருந்த குழந்தை இப்போது பல்கலைக்கழகமொன்றிற் பயில்கின்றாள். சென்ற விடுமுறையில் ஊரிற் கண்டபோது, தாயின் மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியொன்று புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்காக அவள் கையில் இருந்தது. பாட்டி சொன்ன கதையையும் அயலவர் சொன்ன கதையையும் அவள் கேட்டிருக்கின்றாள். "மாமா, நீங்களும் அண்டைக்கு நிண்டனீங்களாம். அம்மா எப்படிச் செத்தவா?" என்று கேட்டாள். பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். மரணத்துக்கான காரணம் என்ற கூட்டினுள் "தீக்காயங்கள்" என்ற ஒரு சொல் இருந்தது. அதனை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.